களஞ்சியம் வாசிக்கும் கோப்பு: ஜவ்வாது மலை ஆய்வேடுகளும் எக்ஸ்எக்ஸ்இ ஓட்டையும்

ஜவ்வாது மலையை ஆராய்ந்து எழுதப்பட்டவை முன்பெல்லாம் பல்கலைக்கழக நூலகங்களின் ஆய்வேட்டு அலமாரியில் கிடந்தன. ஜமுனாமரத்தூர்க்காரர் ஒருவர் தன் ஊரைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க வேண்டுமென்றால் மலையிறங்கி, பஸ் ஏறி, நூலகரிடம் அனுமதி பெற்றாக வேண்டியிருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-ல் கொண்டுவந்த விதி இந்த நிலையை மாற்றியது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைத் தர வேண்டும் என்றது அந்த விதி. அப்படித் திரண்டவற்றை காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் ‘சோத்கங்கா’ என்ற களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்துவைத்தது. மலையாளிப் பழங்குடியினரின் வாழ்வும் மூலிகை மருத்துவமும் மலைக்காட்டுத் தாவரங்களும் இப்படித்தான் பொதுவெளிக்கு வருகின்றன.

இதே மலையில்தான் காவலூரும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில், 1968 முதல் வானைப் பார்த்துவரும் வைனு பாப்பு வான் ஆய்வகம் அங்கே உள்ளது. 1977-ல் யுரேனஸின் வளையங்களைப் பதிவு செய்தவர்களில் காவலூர்க் குழுவும் உண்டு. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே தொடங்கிவைக்கப்பட்டது. 1988-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோளுக்கு ‘4130 ராமானுஜன்’ என்று பெயர் வைத்தார்கள். இந்த ஆய்வகத்தை நடத்தும் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், தன் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் பழைய அறிக்கைகளையும் சேர்த்து ஒரு திறந்த களஞ்சியம் வைத்திருக்கிறது.

சோத்கங்காவும் வானியற்பியல் நிறுவனத்தின் களஞ்சியமும் எழுந்தது ஒரே மென்பொருளின் மேல்: டிஸ்பேஸ். எம்ஐடி நூலகமும் ஹ்யூலெட்-பேக்கர்டும் சேர்ந்து 2002-ல் வெளியிட்டது. இலவசம், மூல நிரலும் திறந்தது. இந்தியப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிறுவனங்களும் களஞ்சியம் தொடங்கும்போது பெரும்பாலும் முதலில் நாடுவது இதைத்தான்.

2025 ஜூலையில் டிஸ்பேஸ் குழு ஒரு பாதுகாப்பு அறிவிப்பை வெளியிட்டது. சிவிஇ-2025-53621 என்பது அதன் எண். வகை: எக்ஸ்எம்எல் எக்ஸ்டெர்னல் என்டிட்டி, சுருக்கமாக எக்ஸ்எக்ஸ்இ. 7.6.4, 8.2, 9.1 ஆகியவற்றுக்கு முந்தைய எல்லாப் பதிப்புகளிலும் இந்த ஓட்டை இருந்தது. இதை வைத்து இந்தியக் களஞ்சியம் எதுவும் தாக்கப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துபோன ஒரு பிழை, அறிவைப் பாதுகாக்கவென்றே எழுதப்பட்ட மென்பொருளில் 2025 வரை எப்படி நீடித்தது, அதனால் நமக்கு என்ன ஆபத்து என்பதே இங்கே கேள்வி.

பிழையின் வேர் பதிப்புத் தொழிலில் இருக்கிறது. 1969-ல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் சட்ட ஆவணங்களைக் கணினியில் கையாள ஒரு குறிமொழியை உருவாக்கினார்கள். அது வளர்ந்து 1986-ல் எஸ்ஜிஎம்எல் என்ற சர்வதேசத் தரமானது. அதைச் சுருக்கி, இணையத்துக்கு ஏற்றதாக்கி, 1998 பிப்ரவரியில் எக்ஸ்எம்எல் வந்தது. பெரிய நூல் ஒன்றை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு பல பேர் வேலை செய்ய முடியாது. அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, பின்னிணைப்புக்கு ஒரு கோப்பு என்று பிரித்துவைத்து, தலைமைக் கோப்பில் ‘இந்த இடத்தில் அந்தக் கோப்பைக் கொண்டுவந்து சேர்’ என்று எழுதிவிடலாம். அந்த வசதிக்குப் பெயர்தான் வெளி என்டிட்டி. தலைமைக் கோப்பை எழுதுபவரும் அதைப் படிக்கும் கணினியும் ஒரே அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதில் ஒரு தவறும் இல்லை.

இணையத்தில் எழுதுபவர் ஒருவர், படிக்கும் சர்வர் வேறொருவருடையது. யாரோ அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்பில் ‘உன் வட்டில் உள்ள இந்தக் கோப்பைக் கொண்டுவந்து இங்கே வை’ என்று இருந்தால், விதியை அப்படியே கடைப்பிடிக்கும் பார்சர், அதாவது எக்ஸ்எம்எல்லைப் படிக்கும் நிரல், அதைச் செய்துவிடும். இந்த ஆபத்தை 2002-லேயே கிரெகரி ஸ்டூக் என்ற ஆய்வாளர் எக்ஸ்எக்ஸ்இ என்று பெயர் சூட்டி எச்சரித்தார்.

டிஸ்பேஸில் இது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சாமைச் சாகுபடி பற்றிய ஓர் ஆய்வேட்டை மொத்தப் பதிவேற்றத்தில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கென ஒரு கோப்புறை இருக்கும். அதற்குள் ஆய்வேட்டின் பிடிஎஃப், உள்ளடக்கப் பட்டியலாக ஒரு சிறு உரைக்கோப்பு, பிறகு டப்ளின் கோர் என்ற விவரக்குறிப்பு முறையில் எழுதிய ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. (டப்ளின் கோரின் டப்ளின், 1995-ல் இதற்கான முதல் பட்டறை நடந்த அமெரிக்க ஒஹையோ மாநிலத்து ஊர்.) தலைப்பு, ஆய்வாளர் பெயர், ஆண்டு, குறிச்சொற்கள் எல்லாம் அந்த எக்ஸ்எம்எல் கோப்பில்தான் இருக்கும். இப்படி நூறு கோப்புறைகளை ஜிப் செய்து ஏற்றினால் நூறு ஆய்வேடுகள் ஒரே மூச்சில் களஞ்சியத்தில் ஏறிவிடும்.

இப்போது அந்த நூறில் ஒன்றின் தலையில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. ஒரு பெயரை அறிவித்து, அதன் பொருள் சர்வரில் உள்ள ஒரு குறிப்பிட்ட கோப்பு என்கிறது அந்த வரி. கீழே ‘சுருக்கம்’ என்ற இடத்தில் ஆய்வுச் சுருக்கத்துக்குப் பதில் அந்தப் பெயர் மட்டும் நிற்கிறது. பதிவேற்றம் முடிந்ததும் சுருக்கத்தின் இடத்தில் சர்வர் கோப்பின் உள்ளடக்கம் வந்து உட்கார்ந்துவிடும். டிஸ்பேஸின் அமைப்புக் கோப்பில் தரவுத்தளத்தின் கடவுச்சொல் இருக்கும். டிஸ்பேஸை ஓட்டும் டாம்கேட் என்ற சர்வர் மென்பொருளின் பயனர் கணக்குக்கு அந்தக் கோப்பைப் படிக்கும் உரிமை இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் களஞ்சியமே ஓடாது. எல்லாக் கோப்பும் இப்படி நேராக வந்துவிடாது என்பதும் உண்மை. உள்ளே சில குறிகள் இருந்தால் எக்ஸ்எம்எல் இலக்கணம் உடைந்து இறக்குமதியே நின்றுபோகும். அதற்கும் சுற்றுவழி உண்டு. தாக்குபவர் தன் சர்வரில் இன்னொரு கோப்பை வைத்து, படித்ததை இணைய முகவரியின் வாலாக ஒட்டித் தனக்கே அனுப்பச் செய்யலாம்.

இன்னொரு வழியையும் டிஸ்பேஸ் அறிவிப்பு குறிப்பிட்டது. ஆர்க்கைவ், கிராஸ்ரெஃப், ஓப்பன்ஏர் போன்ற வெளிச் சேவைகளிலிருந்து கட்டுரை விவரங்களை நேரடியாக இழுத்துவரும் வசதி டிஸ்பேஸில் உண்டு. அவை அனுப்பும் எக்ஸ்எம்எல் பதிலைப் படிக்கும் இடங்கள் சிலவற்றிலும் வெளி என்டிட்டி மூடப்படவில்லை. வானியலாளர்களின் கட்டுரைகளில் பெரும்பகுதி முதலில் ஆர்க்கைவில்தான் வருகிறது என்பதால், ஒரு வானியல் களஞ்சியத்துக்கு இந்த வழி நடைமுறைக்கு மிக நெருக்கமானது. ஆர்க்கைவோ கிராஸ்ரெஃபோ தவறான எக்ஸ்எம்எல்லை அனுப்பும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அந்த வாய்ப்பை நம்பி நம் பக்கத்துக் கதவைத் திறந்துவைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இது அவ்வளவு பெரிய ஆபத்தில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. மொத்தப் பதிவேற்றம் களஞ்சிய நிர்வாகியால் மட்டுமே முடியும். நிர்வாகி நம்பி ஏற்றினால்தான் தாக்குதல் பலிக்கும் என்பார்கள். டிஸ்பேஸ் அறிவிப்பும் இந்த வரம்பைச் சொல்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இந்த வாதம் நிற்கலாம். நம்மூரில் நிற்காது என்பது என் கருத்து. பழைய ஆய்வேடுகளை ஸ்கேன் செய்து, விவரம் தட்டச்சு செய்து தரும் வேலை இங்கே வெளியாருக்கு ஒப்பந்தமாகப் போவது சாதாரணம். வேலை முடிந்ததும் ஹார்டு டிஸ்க்கில் ஜிப் கோப்புகள் வரும். நூலகர் பிடிஎஃப் தெளிவாக இருக்கிறதா, பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார். எக்ஸ்எம்எல் கோப்பின் முதல் வரியைத் திறந்து பார்க்கும்படி அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆக, நிர்வாகி நம்பி ஏற்றுவது இங்கே அன்றாட வேலை முறை.

அதற்கு மேலும் ஒன்று. டிஸ்பேஸ் களஞ்சியங்கள் தங்கள் மெட்டாடேட்டாவை ஓஏஐ-பிஎம்எச் என்ற நெறிமுறை மூலம் பிறருக்குத் திறந்து தரும். திரட்டிகள் அதை அறுவடை செய்துகொள்ளும். ஒரு கல்லூரியின் களஞ்சியத்தில் சுருக்கத்தின் இடத்தில் கசிந்துவிட்ட கடவுச்சொல், யாரும் கவனிப்பதற்குள் திரட்டிகளின் படிகளுக்கும் போய்ச் சேரலாம். மூலத்தில் அழித்தாலும் எல்லாப் படிகளிலும் அழியும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பரப்புவதற்காகவே கட்டிய அமைப்பில் கசிவும் அதே வேகத்தில் பரவும்.

‘வெறும் கோப்பைப் படிப்பதால் என்ன குடிமுழுகிவிடும்’ என்ற கேள்விக்குப் பதில் 2024-ல் கிடைத்தது. மஜெண்டோ என்று பழகிய அடோபி காமர்ஸ் மென்பொருளில் எக்ஸ்எக்ஸ்இ வகையில் சேர்ந்த ஓர் ஓட்டை கண்டறியப்பட்டு, ஜூனில் திருத்தமும் வந்தது. காஸ்மிக்ஸ்டிங் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தாக்கியவர்கள் அதைக் கொண்டு சர்வரிலிருந்த மறையாக்கச் சாவியைப் படித்தார்கள். சாவி கைக்கு வந்ததும் தாங்களே நிர்வாகி என்று சொல்லும் போலி அனுமதிச் சீட்டைத் தயாரித்துக்கொண்டார்கள். திருத்தத்தைப் போட்டுவிட்டுச் சாவியை மாற்றாமல் விட்ட கடைகளும் தப்பவில்லை. ஆயிரக்கணக்கான இணையக் கடைகள் பாதிக்கப்பட்டன. படிப்பது முதல் படி. படித்தது கடவுச்சொல்லாக இருந்தால் அடுத்த படிக்கு வெகுநேரம் ஆகாது.

ஆய்விதழ்களுக்கும் இதே கதைதான். தமிழாய்வு இதழ்கள் உட்பட உலகெங்கும் ஆயிரக்கணக்கான இதழ்கள் ஓஜேஎஸ் என்ற மென்பொருளில் வெளியாகின்றன. ஜான் வில்லின்ஸ்கி 1998-ல் கனடாவில் தொடங்கிய பொது அறிவுத் திட்டத்தின் படைப்பு அது. அதன் பயனர் இறக்குமதி ப்ளக்-இன்னில் இருந்த எக்ஸ்எக்ஸ்இ, சிவிஇ-2024-56525 என்று பதிவானது. இதழாசிரியர் உரிமை மட்டுமே உள்ள ஒருவர், தயார்செய்த எக்ஸ்எம்எல் கோப்பை ஏற்றி, உச்ச நிர்வாகி உரிமையை எடுத்துக்கொள்ள முடியும் என்றது அறிவிப்பு. 3.3.0.21, 3.4.0.8 பதிப்புகளில் அது அடைக்கப்பட்டது. ஒரே சர்வரில் பத்து இதழ்களை நடத்தும் ஒரு பதிப்பகத்தை நினைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். ஓர் இதழின் ஆசிரியருடைய கணக்கு கைமாறினால் மற்ற ஒன்பது இதழ்களும் சேர்ந்து போகும்.

இணையதளங்களை நடத்தும் மென்பொருள்களான வேர்ட்பிரஸ், ட்ரூபல் ஆகியவற்றின் அனுபவம் நீண்டது. ட்ரூபலின் ஓப்பன்ஐடி பகுதியில் எக்ஸ்எக்ஸ்இ இருப்பதைப் பிரேசிலைச் சேர்ந்த ரெஜினால்டோ சில்வா 2012-ல் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு அதே யோசனையை ஃபேஸ்புக்கில் சோதித்துப் பார்த்தபோது அங்கும் வழி திறந்தது. அதற்கு ஃபேஸ்புக் கொடுத்த பரிசு 33,500 டாலர். 2014 ஆகஸ்டில் வேர்ட்பிரஸும் ட்ரூபலும் முதன்முறையாக ஒரே நாளில் சேர்ந்து பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டன. அவை அடைத்த ஓட்டை எக்ஸ்எக்ஸ்இ-யின் உடன்பிறப்பு. உள்ளேயே அறிவித்த என்டிட்டிகளைத் திரும்பத் திரும்ப விரித்துச் சர்வரைத் திணறடிக்கும் வகை. இந்த வகையின் பிரபலமான எடுத்துக்காட்டில், ஒரு கிலோபைட்டுக்கும் குறைவான கோப்பு கிட்டத்தட்ட 3 ஜிகாபைட் நினைவகத்தை விழுங்கும்.

2021 ஏப்ரலில் வேர்ட்பிரஸ் 5.7.1 அடைத்த ஓட்டை இன்னும் நுணுக்கமானது. பாட்டுக் கோப்புக்குள்ளும் எக்ஸ்எம்எல் இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. டபிள்யூஏவி ஒலிக்கோப்பில் பதிவு விவரங்களைச் சொல்லும் ஒரு துண்டு எக்ஸ்எம்எல் வடிவில் வரும். கோப்பைப் பதிவேற்றியதும் வேர்ட்பிரஸ் அந்த விவரங்களைப் படிக்கும். பழைய பிஎச்பி-யில் வெளி என்டிட்டியை மூட ஒரு கட்டளை தேவைப்பட்டது. பிஎச்பி 8-ல் அது இயல்பாகவே மூடியிருப்பதால் அந்தக் கட்டளை வழக்கொழிந்தது. வேர்ட்பிரஸ் அதை விட்டுவிட்டது. ஆனால் அதே இடத்தில், என்டிட்டிகளை விரித்துக்கொடு என்று பார்சரிடம் வெளிப்படையாகவே கேட்கும் ஒரு குறியும் இருந்தது. இயல்பாக மூடியிருந்த கதவை அந்தக் குறி திறந்துவிட்டது. பழைய பிஎச்பி-யில் ஓடிய தளங்கள் தப்பின. புதியதற்கு மாறியவர்கள் மாட்டினார்கள்.

இணையச் செயலிகளின் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு 2017-ல் வெளியிட்ட முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில் எக்ஸ்எக்ஸ்இ நான்காம் இடத்தில் தனியாக நின்றது. 2021 பட்டியலில் ‘தவறான பாதுகாப்பு அமைப்பு’ என்ற பொதுத் தலைப்புக்குள் அது கரைந்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று அன்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஓரளவு காரணமும் இருந்தது. பிஎச்பி-யும் இன்னும் பலவும் நம்பியிருக்கும் லிப்எக்ஸ்எம்எல்2 நூலகம், 2012-ல் வந்த 2.9 பதிப்பிலேயே வெளி என்டிட்டியை இயல்பாக மூடிவிட்டது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 2014-ல் அதே வழிக்கு வந்தது. இந்த இரண்டு முடிவுகளும் நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் செய்யாததைச் செய்தன.

மீதமிருப்பது ஜாவா. டிஸ்பேஸ் ஜாவாவில் எழுதப்பட்டது. வரைபடங்களை இணையத்தில் வெளியிடப் பயன்படும் ஜியோசர்வரும் ஜாவா. அதன் எக்ஸ்எக்ஸ்இ ஓட்டையை, தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைகளின் பட்டியலில் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2025 டிசம்பரில் சேர்த்தது. பிடிஎஃப் போன்ற கோப்புகளிலிருந்து எழுத்தை உருவித் தேடலுக்குத் தரும் அப்பாச்சி டிக்காவும் ஜாவாதான். பிடிஎஃப்-புக்குள் பதிந்துவரும் ஒரு வகைப் படிவத்தின் மூலம் அதில் எக்ஸ்எக்ஸ்இ நடக்கும் என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். டிசம்பரில் இரண்டாவது அறிவிப்பு வெளியானது. உண்மையான கோளாறு டிக்காவின் மையப் பகுதியில் இருக்கிறது. பிடிஎஃப் பகுதியை மட்டும் புதுப்பித்தவர்கள் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறார்கள் என்றது அது.

ஜாவாவில் எக்ஸ்எம்எல்லைப் படிக்கப் பல வழிகள் உண்டு. நீண்ட காலமாக அவை வெளி என்டிட்டியை இயல்பாகவே ஏற்றுக்கொள்கின்றன. ஒவ்வொரு வழியையும் மூடும் முறை வேறு வேறு. நிரலாளர் ஓரிடத்தில் மூடிவிட்டு இன்னோரிடத்தில் மறந்தால் போதும், ஓட்டை பிழைத்துக்கொள்ளும். டிஸ்பேஸில் ஒரே அறிவிப்புக்குள் இரண்டு பாதைகள் இருந்தது இதனால்தான். இதில் தனி நிரலாளரைக் குறைசொல்வது நியாயமே இல்லை. பதிப்பகத்துக்குள் மட்டும் தேவைப்பட்ட ஒரு வசதியை எல்லாருக்கும் எப்போதும் திறந்துவைத்த முடிவுதான் குற்றவாளி. கூப்பிட்டால் மட்டும் வரட்டும் என்று ஜாவாவும் அதை மாற்ற வேண்டும். பழைய நிரல்கள் சில உடையும் என்ற தயக்கத்துக்கு இருபது ஆண்டுகள் கொடுத்தாகிவிட்டது.

டிஸ்பேஸுக்கு மீண்டும் வருவோம். திருத்தம் 7.6.4, 8.2, 9.1 பதிப்புகளில் கிடைத்துவிட்டது. 6-ம் வரிசையில் நிற்பவர்களுக்கு? அந்த வரிசைக்கான ஆதரவு 2023-லேயே முடிந்துவிட்டது. ‘7-க்கு மாறிவிடுங்கள்’ என்று சொல்வது எளிது. 2021 ஆகஸ்டில் வந்த 7-ம் பதிப்பு, பழையதைச் செப்பனிட்டதன்று. முகப்பைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் பிரித்து, முகப்பை முழுக்கப் புதிதாக எழுதியது. பழைய டிஸ்பேஸ் நூலகத்தின் மூலையில் ஒரு சாதாரணக் கணினியில் ஓடும். புதியதற்குக் கூடுதல் நினைவகம் வேண்டும், நோட்.ஜேஎஸ் வேண்டும், இரண்டையும் சேர்த்து நிறுவத் தெரிந்த ஆள் வேண்டும். கல்லூரி தன் பெயரும் சின்னமும் போட்டு அலங்கரித்த பழைய முகப்பு அப்படியே தூக்கிப்போடப்படும். இத்தனையும் நூலகர் ஒருவரின் தலையில் விழுந்தால் அவர் பழைய பதிப்பிலேயே நிற்பதைத் தேர்வார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்வார்கள்.

சோத்கங்கா போன்ற மைய அமைப்புக்குத் தனித் தொழில்நுட்பக் குழு உண்டு. வானியற்பியல் நிறுவனத்தில் கணினி அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. எனக்குக் கவலை தருபவை ஊர்ப்பக்கக் கல்லூரிகளின் சிறு களஞ்சியங்கள். முனைவர் பட்டம்தான் சோத்கங்காவுக்குப் போகிறது. எம்.ஏ. மாணவர் மலைக் கிராமமொன்றில் தங்கி எழுதிய திட்டக் கட்டுரை, கல்லூரியின் ஆண்டு மலர், உள்ளூர்க் கருத்தரங்கத் தொகுப்பு ஆகியவை அந்தக் கல்லூரியில் மட்டுமே இருக்கும். ஜவ்வாது மலையின் ஒரு வழிபாட்டுப் பாடலையோ ஒரு மூலிகைப் பெயரையோ முதலில் எழுத்தில் பிடித்தது அப்படிப்பட்ட ஒரு தாளாக இருக்கக்கூடும். கடவுச்சொல் கசிந்து, தரவுத்தளம் அழிந்து, காப்புப்பிரதியும் இல்லையென்றால் அது திரும்பாது.

அரசின் பக்கமிருந்து 2022 ஏப்ரலில், சைபர் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பு ஓர் ஆணை பிறப்பித்தது. சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. ஆறு மணி நேரக் கெடு பெரிய நிறுவனங்களுக்குச் சரிப்படும். மலையடிவாரக் கல்லூரியில் சனிக்கிழமை இரவு நடக்கும் கசிவு திங்கட்கிழமை தெரியவந்தாலே அதிர்ஷ்டம். எக்ஸ்எக்ஸ்இ-யில் தளம் முடங்காது, பக்கம் மாறாது. ஒரு கோப்பு அமைதியாகப் படிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். தெரிவிக்கச் சொல்வதற்கு முன், தெரிந்துகொள்ளும் திறனைக் கொடுத்தாக வேண்டும்.

புதிய பதிப்புக்கு மாறும்வரை சில காரியங்களைச் செய்யலாம். வெளியிலிருந்து வரும் ஜிப் கோப்புகளை விரித்து, ஒவ்வொரு எக்ஸ்எம்எல் கோப்பின் தலையிலும் டாக்டைப் அறிவிப்போ என்டிட்டி அறிவிப்போ இருக்கிறதா என்று தேடிவிட வேண்டும். டப்ளின் கோர் விவரக் கோப்புக்கு அந்த இரண்டும் தேவையில்லை. இருந்தால் அனுப்பியவரிடம் கேள்வி கேட்கலாம். நூறு கோப்புகளில் இதைத் தேட ஒரே ஒரு கட்டளை போதும். வெளிச் சேவைகளிலிருந்து இழுக்கும் வசதியைப் பயன்படுத்தாத களஞ்சியம் அதை மூடிவைக்கலாம். டாம்கேட் பயனருக்குத் தேவையில்லாத கோப்புறைகளைப் படிக்கும் உரிமையைப் பறிக்கலாம். களஞ்சிய சர்வர் தானாக வெளி இணையத்துக்குப் போகும் பாதையைத் தேவையான சில முகவரிகளுக்கு மட்டும் என்று சுருக்கினால், படித்ததை வெளியே அனுப்பும் சுற்றுவழி அடைபடும். பழைய பதிப்பில் ஏற்கெனவே யார் யாரோ தந்த தொகுப்புகளை ஏற்றியிருந்தால், புதுப்பித்த பிறகு தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும். மஜெண்டோ கடைக்காரர்கள் பலர் கோட்டைவிட்டது அங்கேதான்.

பெரிய மாற்றம் நிதியில் வர வேண்டும். நூல் வாங்க, அலமாரி வாங்க, கணினி வாங்கக் கல்லூரி நூலகக் கணக்கில் தலைப்பு உண்டு. நிறுவிய மென்பொருளை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் பார்த்துக்கொள்ளவும் பெரும்பாலும் தலைப்பே கிடையாது. இலவச மென்பொருள்தானே, அதற்கெதற்குப் பணம் என்ற கேள்வி தணிக்கையில் வரும் என்று நூலகர்கள் பயப்படுவார்கள். பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் களஞ்சியங்களைத் தன் சர்வரிலேயே ஏற்று நடத்துவது சரியான வழி என்று நினைக்கிறேன். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரந்திருக்கும் ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு வேலூர் சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் அதைச் செய்யலாம். ஒரு சர்வர், வேலை தெரிந்த இரண்டு பேர், கல்லூரிக்கு ஒரு தனிப் பிரிவு. திருத்தம் வெளியானால் ஒரே இடத்தில் ஒருமுறை போட்டால் எல்லாக் கல்லூரிக்கும் போட்டதாகிவிடும். டிஸ்பேஸில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனிச் சமூகம் அமைத்து, அதற்குத் தனி நிர்வாகியை நியமிக்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அதற்காகப் புதிதாக எதையும் எழுத வேண்டியதில்லை.